தகுதிக்கான கொடையா, தேவைக்கான உரிமையா?

போரில் உடல் குலைந்து வீட்டோடு கிடக்கும் வீரருக்கும் அவரைப் பார்க்கும் மனைவிக்கும் சமூகம் தருவது சேவைக்கான கைம்மாறா, தேவைக்கான உரிமையா என்ற வினா இஸ்லாத்தின் முதல் தலைமுறையிலேயே எழுந்தது. முதல் கலீபா அபூபக்கர் (ரழி) பொதுச் செல்வத்தைச் சமமாகப் பங்கிட்டார். தியாகத்தின் கூலி அல்லாஹ்விடம் உண்டு, பங்கீடு பிழைப்புக்குரியது, பிழைப்பில் சமத்துவமே சிறந்தது என்பது அவரது நியாயம். பின்வந்த உமர் (ரழி), படையினரின் பெயர்களையும் உரித்துகளையும் பதியும் பேரேடாகிய ‘தீவானை’ நிறுவி, முன்னின்றோரைத் தரம் பிரித்து, பத்ர் போரில் பங்கேற்ற வீரருக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம் என வகுத்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கினார். இறுதிக் காலத்தில் அவரும் சமப் பங்கீட்டுக்குத் திரும்ப எண்ணியதாக சட்ட அறிஞர் அபூ யூசுபின் ‘கிதாபுல் கராஜ்’ கூறுகிறது.

இலங்கைச் சட்டம் தகுதியின் வழியிலேயே நிற்கிறது. 1999 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ரணவிரு சேவா அதிகாரசபை, முப்படையினர், பொலிஸார், அவர்தம் குடும்பத்தினர் ஆகியோரின் நலனுக்குரியது. கோமாரி முதல் கல்முனை வரையான அம்பாறைக் கரையோரத்திலோ, உள்நாட்டுப் போரில் அரச படையில் இருந்தோரும், முஸ்லிம் ஊர்களைக் காத்த ஊர்காவல் படையினரும், எதிர்த்தரப்பில் நின்று புனர்வாழ்வு பெற்றுத் திரும்பியோரும் அடுத்தடுத்த ஊர்களில் முதுமையடைகின்றனர். இவர்களுள் எவராயினும், முள்ளந்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவரை இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை புரட்டிக் கிடத்தாவிட்டால் படுக்கைப் புண் பிடிக்கும். சிறுநீர்க் குழாயின் துப்புரவு தவறினால் தொற்று சிறுநீரகம் வரை ஏறும். இரவும் பகலும் இதைச் செய்யும் மனைவிக்கும் வயதேறுகிறது. ஓய்வூதியமோ சக்கர நாற்காலியோ அவருடைய கைக்கு மாற்றுக் கை ஆவதில்லை. ஐக்கிய அமெரிக்காவில், குளிக்கவும் உடுக்கவும் பிறர் துணை வேண்டிய முன்னாள் படைவீரருக்கு, வருமான வரம்புக்குட்பட்டு, ஓய்வூதியத்தோடு பராமரிப்புக் கொடுப்பனவும் சேர்கிறது. அவருக்குப் பின் அதே நிலையை அடையும் துணைவிக்கும் அது கிட்டுகிறது. ஆயினும் அங்கும் வாயிற்படி சேவைப் பதிவேடுதான்.

இவ்விடத்தில் ஷாபிஈ சட்ட மரபு வேறொரு வழியைத் திறக்கிறது. ஊரில் சிலர் செய்தால் எல்லோர் பொறுப்பும் நீங்கி, எவரும் செய்யாவிட்டால் அறிந்தோர் அனைவரும் குற்றவாளிகளாகும் கூட்டுக் கடமை ‘பர்ளு கிபாயா’ எனப்படும். ஜனாஸாவைக் குளிப்பாட்டுவது அத்தகையது என்பதை அறியாத மஹல்லா இல்லை. ஆனால் 13 ஆம் நூற்றாண்டில் இமாம் நவவி எழுதிய ‘மின்ஹாஜ்’, ஸகாத்தும் பொதுநிதியும் போதாதபோது பசித்தவருக்கு உணவளிப்பது, ஆடையற்றவருக்கு உடுத்துவது போன்ற துயர்நீக்கத்தையும் இக்கடமையிலேயே சேர்க்கிறது. மய்யித்தைக் குளிப்பாட்ட ஊர் கூடும்போது, அசைய முடியாத உயிருள்ள உடலைக் குளிப்பாட்டும் பாரம் ஒரு மனைவியின் தோளில் மட்டும் விடப்படுவது அந்த நியாயத்துக்குப் பொருந்தாது.

வீரத்துக்கு வரிசை வகுப்பது அரசுகளின் வழக்கம். அதன் இறுதித் தீர்ப்பு இறைவனுடையது. வீட்டுப் பராமரிப்போ பிழைப்பின் பாற்பட்டதாகையால் அபூபக்கரின் அளவுகோலே அதற்கு உரியது: எந்தச் சீருடை அணிந்தார் என்று கேளாமல், யாருக்குக் கை வேண்டும் என்று கேட்பதே பள்ளிவாசல் நிர்வாகங்களும் பிரதேச செயலகங்களும் முதலில் செய்ய வேண்டியது.