சக்குபந்தி

போன பொங்கலுக்கு வாலிகண்டபுரம் போயிருந்தபோது அப்பா ஒரு பழைய கிரயப் பத்திரத்தை நீட்டினார். "கண்ணு சரியா தெரியல, நீ படி." தாத்தா வாங்கிய வெங்காயக் காட்டின் பத்திரம். சர்வே எண் முடிந்ததும் சக்குபந்தி: வடக்கே இன்னார் நிலம், தெற்கே ஓடை, கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே புளியமரம். அதன்பிறகு கிணற்றில் பங்கு, வழிநடை பாத்தியம் என்று ஒரு பக்கம் நீண்டது.

"ஊருக்கே தெரிஞ்ச காட்டுக்கு எதுக்குப்பா இவ்வளவு?"

"தெரிஞ்சவங்க இருக்கிற வரைக்கும் பத்திரம் எதுக்கு? அவங்க போன பின்னாடி படிக்கிறவனுக்குத்தான் இது."

எனக்குச் சுருக்கென்றது. காரணம், ஒரு மாதம் முன்பு நான் எழுதிய இரண்டே சொற்கள்.

ஒரு நிறுவனத்தில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதற்கான பதிவேடுதான் டைரக்டரி. விண்டோஸ் 2000-உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரியைத்தான் இன்றும் பல அலுவலகங்கள் வைத்திருக்கின்றன. அதைப் பராமரிக்கும் வேலையை இப்போது ஏஐ ஏஜென்ட்டுகளிடம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம். ஏஜென்ட்டுக்குக் கருவிகளைத் தருவோம். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்ன உள்ளீடு வேண்டும் என்ற குறிப்பு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலிலும் இதே அமைப்புதான். கருவிக்குள் இருக்கும் கோடு மாடலின் கண்ணில் படாது. விளக்கத்தைப் படித்துத்தான் எதை எடுப்பது என்று முடிவு செய்யும்.

ஒரு கருவிக்கு நான் எழுதிய விளக்கம்: "பயனரை நீக்கும்."

பிரசவ விடுப்பில் போன ஒரு சக ஊழியரைப் பற்றி அவருடைய மேலாளர் ஏஜென்ட்டிடம் கேட்டார்: "அவங்க வர்ற வரைக்கும் இந்த ப்ராஜெக்ட்ல இருந்து நீக்கிடு." ஏஜென்ட் என் கருவியை எடுத்தது. குழுவிலிருந்து விலக்குவது வேறு, கணக்கை முடக்குவது வேறு, அழிப்பது வேறு. என் கருவி அழிப்பது. அழித்தபின் அதே பெயரில் புதுக் கணக்கு தொடங்கினாலும் பழைய உரிமைகள் ஒட்டாது. டைரக்டரி ஆளை அடையாளம் காண்பது பெயரால் அல்ல, உள்ளே இருக்கும் எஸ்ஐடி எண்ணால். புதுக் கணக்குக்குப் புது எண். நல்லவேளை, ரீசைக்கிள் பின் வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தோம், மீட்டுவிட்டோம். ஆனால் அந்த இரண்டு நாள், கையில் பச்சைக் குழந்தையோடு அவர் லாகின் செய்து செய்து பார்த்து, கடைசியில் தோழிக்கு போன் போட்டுக் கேட்டிருக்கிறார்: "என்னை வேலைய விட்டு எடுத்துட்டாங்களா?"

மீட்டிங்கில் எல்லோரும் சொன்னது, "ஏஐ தப்பு பண்ணிடுச்சு." நானும் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டல்தான் இன்னும் உறுத்துகிறது. அதே இரண்டு சொற்களைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனிடம் கொடுத்திருந்தால், "எதுல இருந்து நீக்கணும் சார்?" என்று கேட்டிருப்பான். கேட்காமல் தப்பாகச் செய்திருந்தால், "இதுகூடத் தெரியாதா?" என்று அவனைத் திட்டியிருப்போம். நாம் அரைகுறையாகச் சொல்வோம், மீதியைக் கீழே இருப்பவர் ஊகிக்க வேண்டும். சரியாக ஊகித்தால் நம் திறமை, தவறினால் அவர் தவறு. தெளிவில்லாமல் பேசுவது மேலே இருப்பவருக்குப் பல காலமாக ஒரு வசதி. ஏஜென்ட் அந்த வசதியைக் கெடுக்கிறது. அதற்கு மானமோ சம்பளமோ இல்லை, பழியை அதன் தலையில் கட்டினாலும் நிற்காது. சுற்றிவிட்டு, எழுதியவன் வாசலில்தான் வந்து உட்காரும்.

பராந்தக சோழன் காலத்தில், 919-ல், உத்திரமேரூர் சபை குடவோலைத் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டியது. இரண்டே ஆண்டில், 921-ல், அவற்றைத் திருத்தி விரிவாக மறுபடி வெட்டினார்கள். அதில், கணக்குக் காட்டாதவருடைய உறவினரும் கூடாது என்று சொல்லி நிறுத்தவில்லை. சின்னம்மா பெரியம்மா மகன்கள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மருமகன் என்று ஒவ்வொரு உறவாக எழுதினார்கள். உறவினர் என்றால் யார் என்று அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? ஆனால் "தெரியும்தானே" என்று விடுகிற இடத்தில்தான் ஓட்டை விழும்.

திரும்பிப் போனதும் விளக்கத்தை மாற்றினேன்: "கணக்கை டைரக்டரியிலிருந்தே அழிக்கும். குழுவிலிருந்து மட்டும் விலக்க வேறு கருவி உண்டு, அதை எடு. விடுப்பில் இருப்பவருக்கு இதைப் பயன்படுத்தாதே. ஒரே பெயரில் இருவர் இருந்தால் நிறுத்திக் கேள்." கடைசி வரி முக்கியம். எங்கள் டைரக்டரியில் கார்த்திக்குகளுக்குக் குறைவில்லை. சிலருக்கு இனிஷியல் முன்னால், சிலருக்குப் பின்னால். விளக்கம் மட்டும் பூட்டு ஆகாது என்பதால், மனித ஒப்புதல் இல்லாமல் அழிக்க முடியாதபடியும் செய்தோம்.

எல்லாவற்றையும் எழுதிவிட முடியுமா? முடியாது. அன்றைக்குப் பத்திரத்தை மடிக்கும்போது கேட்டேன்: "மேற்கே புளியமரம்னு போட்டிருக்கு. அந்த மரந்தான் இப்ப இல்லையேப்பா?"

"அதான், பக்கத்துக் காட்டுக்காரரைக் கேட்டுட்டு வேலி போடலாம்னு இருக்கேன்."