பசு தின்பதும் பசு தருவதும்



வியாபாரம் செய்கிற நமக்கு ஐந்தொகை புதிதல்ல. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாதவன் சில மாதம் லாபம் பேசலாம். வருஷக் கடைசியில் உண்மை தெரிந்துவிடும். பாலைப்பற்றி இன்று உலகில் நடக்கும் வழக்கும் இத்தகையதே. பசு மனிதனுக்கு உணவு தருகிறது என்கிறது ஒரு கட்சி. இல்லை, மனிதனுக்குரிய தானியத்தைத் தின்றுவிட்டுக் கொஞ்சத்தைப் பாலாகத் திருப்பித் தருகிறது. பசித்தவன் பங்கை வசதியுள்ளவனுக்குக் கறந்து கொடுப்பது நியாயமா என்று கேட்கிறது மறு கட்சி.

முதலில் பசுவின் வயிற்றைப் பார்ப்போம். அதன் நான்கு அறைகளில் பெரியதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. புல்லையும் வைக்கோலையும் பக்குவம் செய்பவை அவையே. நமது வயிற்றுக்கு அந்தச் சக்தி இல்லை. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் வெளியிட்ட கணக்குப்படி, கோழி உட்பட உலகக் கால்நடைகள் தின்னும் தீனியில், ஈரம் நீக்கிய எடையில், நூற்றுக்கு 86 பங்கு மனிதன் உண்ண முடியாதது.

இத்துடன் வழக்கு தீர்ந்தது என்று எழுந்துவிடக் கூடாது. மீதி 14 பங்கு எந்தத் தொட்டியில் விழுகிறது என்பதே கேள்வி. உதாரணத்துக்கு, மூன்று லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ மக்காச்சோளம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சோளத்தில் புரதம் சுமார் 90 கிராம்; மூன்று லிட்டர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. உடலுக்கு வேண்டிய உஷ்ணசக்தியோ சோளத்தில் சுமார் 3,600 கலோரி; பாலில் சுமார் 1,900 தான். புரதத்தில் கைமுதல் தேறியது. சக்தியில் பாதி போயிற்று. ஆனால் பால் புரதம் சோளப் புரதத்தைவிட உயர்ந்த சரக்கு. சோளத்திலும் அரிசியிலும் குறைவாக உள்ள லைசின் என்னும் சத்து அதில் நிறைய உண்டு. ஆகவே இது முழு நஷ்டமுமல்ல, முழு லாபமுமல்ல. சோளத்துக்குப் பதிலாகப் புல்லும் தவிடும் பிண்ணாக்கும் தின்று அதே பாலைக் கறந்தால் அப்போது கிடைப்பது பெரும்பாலும் சுத்த லாபம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் வைக்கோல் தின்று கறக்கும் மாட்டின் பெருமை இதுவே.

நம் ஊருக்கு வருவோம். உலு திராமிலிருந்து கோத்தா திங்கி போகும் வழியில் செம்பனைத் தோட்டங்களைக் காணாதவர் இல்லை. செம்பனைக் கொட்டையின் பருப்பை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் நிற்கும் பிண்ணாக்கை மனிதன் தின்ன முடியாது, மாடு தின்னும். மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் அது நியூசிலாந்துக்குக் கப்பலேறுகிறது. அங்குள்ள மாடுகள் பெரும்பாலும் புல் மேய்பவை. புல் குறையும் காலத்தில் இதைத் தின்கின்றன. அளவு மீறினால் பால் கொழுப்பின் தன்மை மாறுகிறது. ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாமென்று பொண்டெரா நிறுவனம் 2015-ல் தன் பண்ணையாளர்களுக்கு ஆலோசனை கூறிற்று. நம் பக்கத்துச் சக்கை கடல் கடந்து, பால் மாவாகி, நம் கடை அலமாரிக்கே திரும்பி வருகிறது!

இங்கே ஒரு ஆட்சேபம் உண்டு. சக்கைக்குக் கிடைக்கும் காசும் தோட்டத்தின் வரவில் சேர்ந்து, காடழிப்புக்கு ஊக்கமாகாதா? ஓரளவு ஆகும். ஆனால் தோட்டம் போடுவது முக்கியமாக எண்ணெய்க்காக. பிண்ணாக்கு பின்னால் வருவது. மேய்ச்சல் நிலம் நெல் விளையக்கூடிய நிலமானால், அங்கே விளையாமற் போன நெல்லையும் செலவில் எழுத வேண்டும். மேட்டிலும் சரிவிலும் புல்லைத் தவிர வேறொன்றும் விளையாத இடத்தில் அந்தச் செலவில்லை.

இன்னொன்றும் நம்மைத் தொடுகிறது. தேத்தண்ணீரில் ஊற்றும் டின்களில் பல இன்று பாலல்ல; செம்பனை எண்ணெய் சேர்ந்த இனிப்புக் கிரீமர். டின்னின்மேல் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. அதை விற்பது குற்றமன்று. ஆனால் குழந்தைக்கென்று பால் கேட்டு வரும் தாயிடம் அதைப் பாலென்று கொடுப்பது தராசில் விரல் வைப்பதற்குச் சமம். பசுவின் சிறப்பு, நாம் உண்ண முடியாததைப் புரதமாக்கித் தருவதில் இருக்கிறது. அந்தப் புரதம் கிரீமரில் மிகக் குறைவு.

ஆகவே, பால் தர்மமா அதர்மமா என்று பொத்தாம் பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. தொட்டியில் என்ன விழுந்தது, அது யார் உண்ணக்கூடியது என்று கேட்க வேண்டும். பசியுள்ள உலகில் மனிதன் உண்ணும் தானியத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பால் பெருக்குவது வீண்விரயம். வீணாகப் போவதைப் பாலாக்குவது இறைவன் தந்த அருளை முறைப்படி அனுபவிப்பது. நம் கடைகளில் நாள்தோறும் கழியும் முட்டைக்கோசு இலையையும் காய்கறிக் கழிவையும், பிளாஸ்டிக் கலவாமல், அழுகுமுன்னே பிரித்து வைத்து, அருகில் மாடு வளர்ப்பவருக்குக் கொடுத்தால், இந்தக் கணக்கில் வரவுப் பக்கத்தில் நம் பெயரும் ஏறும்.