ஈரலும் ஈகையும்

பொருளைச் சேர்த்து வைப்பது தகுமா, தகாதா என்னும் வினா, மனிதன் முதற் களஞ்சியம் கட்டிய நாளிலேயே பிறந்திருத்தல் வேண்டும். அறநூலார் இதற்குப் பலவாறு விடை பகர்ந்துள்ளனர். நாம் இன்று அவ்வினாவை நம் உடலுக்குள்ளேயே கேட்டுப் பார்க்க விழைகிறோம். விந்தையான விழைவுதான், வாசகர் பொறுத்தருள்க.

கதிரவனின் ஒளியாற்றலை இலை பிடித்துச் சர்க்கரையாக்குகிறது. நெல்லாகவும் கிழங்காகவும் அது நம்மை வந்தடைகிறது. நம் உயிரணுக்கள் அதனைச் சிறிது சிறிதாக எரித்து, கிடைக்கும் ஆற்றலை ஏ.டி.பி. என்னும் மூலக்கூறில் ஏற்றிச் செலவிடுகின்றன. 1929இல் கண்டறியப்பட்ட இப்பொருளை உயிரின் நாணயம் எனலாம். எந்த நேரத்திலும் நம் உடலில் இருப்பது ஏறத்தாழ 100 கிராம். ஆயினும், ஓய்ந்து படுத்திருப்பவரே ஒரு நாளில் 40 கிலோ அளவுக்கு அதனைப் புழங்குகிறார்! ஒரே மூலக்கூறு செலவாகி, மீண்டும் ஆக்கப்பெற்று, மீண்டும் செலவாகிறது. இந்த நாணயத்தைப் பதுக்கி வைக்க எந்த உயிரணுவாலும் இயலாது.

சேமிப்பு வேறு வகையில் நிகழ்கிறது. உண்டு மிஞ்சிய சர்க்கரையின் ஒரு பகுதி கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருளாகக் கல்லீரலிலும் தசைகளிலும் தங்குகிறது. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம். தசைகள் யாவற்றிலுமாக 400 கிராம் அளவில். இருப்பை மட்டும் நோக்கினால் தசையே பெருஞ்செல்வன். ஆனால் அச்செல்வம் தசைக்கு மட்டுமே உரியது. உயிரணுவுக்குள் இருக்கும் குளுக்கோஸின்மீது பாஸ்பேட் என்னும் பூட்டொன்று மாட்டப்பட்டிருக்கிறது. பூட்டு நீங்கினாலன்றி அது இரத்தத்திற் கலவாது. அதனை நீக்கும் நொதி தசையில் இல்லை, கல்லீரலில் உண்டு.

ஆகவே இரவில் நாம் உறங்கும்போதும், நோன்பு நாளில் அந்தி சாயும் வரையிலும், உடலுக்குப் படியளப்பது கல்லீரலே. மூளை நாள்தோறும் 120 கிராம் அளவு குளுக்கோஸை வேண்டுகிறது. அதனிடம் சொல்லத்தக்க சேமிப்பு ஏதுமில்லை. அதற்குக் குளுக்கோஸை அனுப்பிக்கொண்டே, கல்லீரல் தன் தேவைக்குக் கொழுப்பை எரித்துக்கொள்கிறது. பசி பல நாள் நீடித்தாலோ, கொழுப்பைக் கீட்டோன் என்னும் பொருளாக்கி மூளைக்கும் இதயத்துக்கும் வழங்குகிறது. அந்தக் கீட்டோனைத் தான் பயன்படுத்தும் ஆற்றல் கல்லீரலுக்குக் கிடையாது. சமைத்துப் பரிமாறிவிட்டுத் தான் வேறெதையோ உண்டு பசியாறும் தாய்மாரை நாம் கண்டதில்லையா?

இவ்விடத்தில் நாம் சற்று நிதானிக்க வேண்டும். ‘பார்த்தீர்களா, இயற்கையே ஈகையைக் கற்பிக்கிறது’ என்று மேடையில் முழங்கிவிடுவது எளிது. நமக்கு அதில் உடன்பாடில்லை. கொடாதிருக்க இயலாத ஒன்று கொடுப்பதை ஈகை என்று எவ்வாறு அழைப்பது? ஈகைக்கு நிய்யத் வேண்டும். மறுக்கும் வாய்ப்பும் வேண்டும். கல்லீரலுக்கு இரண்டும் இல்லை. தசையைக் கருமி என்பதும் அநீதியே. ஓடும் காலுக்கு அதன் உணவு அதனிடமே இருந்தாக வேண்டும். அன்றியும், கடும் உழைப்பில் தசை வெளிவிடும் லாக்டிக் அமிலத்தைக் கல்லீரல் மீண்டும் குளுக்கோஸாக்கிக்கொள்கிறது. கருமியின் வீட்டிலிருந்தும் ஏதோ ஒன்று வெளியே வரத்தான் செய்கிறது.

நல்லொழுக்கத்தின் பாடத்தை ஈரலிடம் தேடுவது வீண். ஆனால் களஞ்சியம் என்றால் என்ன என்பதை அது சொல்லும். அதனைப் பிழையறச் சொல்வது ஒரு நோய்.

1929இல் எட்கர் ஃபான் கீர்க்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் அந்நோயை விவரித்தார். குழந்தையின் கல்லீரல் கிளைக்கோஜனால் நிரம்பி வீங்கி, வயிறு முன் தள்ளியிருக்கும். பார்ப்பவர்க்குக் கொழுத்த பிள்ளையாகத் தோன்றும். ஆயினும் உண்ட சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் சர்க்கரை வீழ்ந்து, வியர்த்து, சோர்ந்து, சில வேளை வலிப்பும் காணும். 1952இல் கெர்ட்டி கோரியும் அவர்தம் கணவர் கார்ல் கோரியும் காரணத்தைக் கண்டனர். பூட்டை நீக்கும் அந்த நொதி இக்குழந்தைகளின் ஈரலில் செயற்படவில்லை. உணவு வந்து சேர்கிறது. சேர்ந்தது வெளியேறும் வழியில்லை. நிறைந்த களஞ்சியத்தைச் சுமந்தவாறே பிள்ளை பட்டினி கிடக்கிறது! ‘ஈரக்குலை நடுங்குகிறது’ என்று நம் தாய்மார் சொல்வது இத்தகைய காட்சியைக் கண்டுதானோ?

இரவுதான் இவர்களுக்குப் பேரிடர். மற்றப் பிள்ளைகளுக்கு உறக்கத்தில் ஈரல் படியளக்கும், இவர்களுக்கு அளப்பாரில்லை. 1970களில் மருத்துவர்கள் மூக்கின் வழியே குழாயிட்டு இரவு முழுவதும் சர்க்கரை நீரைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தினர். 1984இல் அமெரிக்க மருத்துவர்கள் எளிய வழியொன்றை வெளியிட்டனர்: வேகவைக்காத மக்காச்சோள மாவு. பச்சை மாவு குடலில் மெல்ல மெல்லச் செரித்துப் பல மணி நேரம் குளுக்கோஸைத் தந்துகொண்டிருக்கும். வெந்துவிட்டால் அக்குணம் போய்விடும்; ஆதலால் குளிர்ந்த நீரிலேயே கரைக்க வேண்டும்.

அளவும் வேளையும் தவறலாகாது. ஆகவே உலகின் பல வீடுகளில் இன்றும் நள்ளிரவுக்குப் பின் கடிகாரம் மணியடிக்கிறது. தாயோ தந்தையோ விழித்தெழுகிறார். ‘இன்னும் சற்று உறங்கலாம்’ என்று உடல் கெஞ்சுகிறது. எழுந்து, மாவை அளந்து, கரைத்து, உறங்கும் பிள்ளையை எழுப்பிப் புகட்டிவிட்டு, அடுத்த வேளைக்கு மணியைத் திருப்பி வைக்கிறார்.