சொல்லாமல் அடித்த மருந்து

சென்ற மாரி ஓய்ந்ததும் எங்கள் வளவில் கோரை கட்டுக்கடங்காமல் எழுந்துவிட்டது. ஐந்தாறு தேசி, இரண்டு மா, ஒரு கூட்டம் வாழை, பேரப்பிள்ளைகள் விளையாடவென்று வாசலில் வளர்த்த சிறு புற்றரை, இவ்வளவுதான் வளவு. குனிந்து புல்லுப் பிடுங்க என் முழங்கால் இடந்தருவதில்லை. “மண்வெட்டியால கொத்தினா கிழங்கு துண்டுபட்டு இன்னும் கூடும் காக்கா. எண்ணெய் அடிச்சி விடுங்க” என்றார் வயல் செய்யும் உறவினர் ஒருவர். கோரையைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

கடைக்காரர் இரண்டு வகை சொன்னார். ஒன்று, பச்சையாய் நிற்கும் எதையும் கொல்வது. கிளைபோசேட் அவ்வகை. இலைவழி புகுந்து வேர்வரை இறங்கும். முற்றிய மரப்பட்டையை அது ஊடுருவாது. ஆனால் இளந்தேசியின் பச்சைத் தண்டிலோ வாழைக்குட்டியிலோ பட்டால் அவற்றுக்கும் அதே கதி. மற்றது தெரிவுக் களைநாசினி. வயலில் அடிக்கும் எம்.சீ.பீ.ஏ. நெல்லை விட்டு அகன்ற இலைப் பூண்டுகளைச் சாகடிக்கும். துளி காற்றில் அள்ளுண்டால் வேலிக்கப்பால் நிற்கும் தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஆபத்து.

தெரிவு என்ற சொல் என்னை யோசிக்க வைத்தது. தெரிவு செய்வது மருந்தா, நானா? புற்றரையில் முளைத்த வல்லாரை களை என்று தீர்ப்பளிப்பவன் நான். அடுத்த வீட்டில் அதே வல்லாரை சம்பலாகிறது.

சட்டம் எனக்காக இதைத் தீர்மானித்துத் தருமா? பரகுவாட் நம் நாட்டில் 2008 முதல் படிப்படியாக விலக்கப்பட்டது. நஞ்சருந்தி இறப்போர் தொகை குறைந்தது. அது சட்டம் செய்த நன்மை. கிளைபோசேட்டின் கதை வேறு. சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தால் 2015இல் நாடு முழுவதும் தடுத்தார்கள்; 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அனுமதித்தார்கள்; 2022இல் தடையையே நீக்கினார்கள். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அது அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்றது. அவ்வாண்டே ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதற்குச் சாத்தியம் குறைவு என்றது. இந்த நிலையில் என் மனச்சாட்சியை வர்த்தமானிக்குள் ஒளித்துவைக்க முடியாது.

நான் கிளைபோசேட்டையே வாங்கினேன். காற்றில்லாத காலை, கையுறை, முகமூடி, போத்தலில் எழுதிய அளவு, கிணற்றடிப் பக்கம் விலக்கு. எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பக்கத்து வீட்டு ராத்தாவிடம் மட்டும் சொல்லவில்லை. எங்கள் வேலியோரத்து வல்லாரையை அவர் கிள்ளிச் செல்வது என் உம்மா காலத்து வழக்கம். மருந்து பட்ட செடி உடனே வாடாது. நாலைந்து நாள் பச்சையாகவே நிற்கும்.

மூன்றாம் நாள் ராத்தா சொன்னார்: “தம்பி, நேத்து ஒங்கட வளவு வல்லாரையிலதான் சம்பல் போட்டன். பேரப்புள்ளைகள் ஆசையாத் திண்டுச்சிகள்.”

உடல் நடுங்கிவிட்டது. உள்ளதைச் சொன்னேன். போத்தலையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளை வைத்தியரிடம் கொண்டுபோனோம். ஒன்றும் ஆகவில்லை.

எல்லோரும் எனக்கு ஆறுதலாகச் சொன்னதும் அதைத்தான்: ‘ஒன்றும் ஆகவில்லையே!’ எனக்கோ ஆறவில்லை. பிள்ளைகள் நோயுற்றிருந்தால் நான் குற்றவாளி. நோயுறாதபடியால் குற்றமற்றவன் என்றால், என்னைக் குற்றமற்றவனாக்கியது வெறும் தற்செயல் அல்லவா? இரண்டு நிலையிலும் நான் செய்தது ஒன்றே.

ஏன் சொல்லவில்லை? மறதி என்று சொல்லித் தப்பலாம். அது மறதியல்ல. என் வளவு, என் புல்லு என்ற நினைப்பில் ராத்தா என் கணக்கிலேயே வரவில்லை.

இப்போது மரங்களின் அடியில் காய்ந்த ஓலையும் தேங்காய் மட்டையும் பரப்புகிறேன். கோரை அதையும் துளைத்துக்கொண்டு வருகிறது. இனி மருந்தே தொடேன் என்று சபதமிட எனக்குத் துணிவில்லை. ஆனால், அடிக்குமுன் அங்கே சாகப்போவது எதெது என்று பார்ப்பேன். அதில் வேறு யாருக்குப் பங்குண்டு என்று கேட்பேன். கேட்டபின் போத்தல் வேண்டாமென்று தோன்றினால், பிடுங்க ஆளுக்குக் கூலி கொடுப்பேன்.

ராத்தா வேலியோரம் வருவதில்லை. மருந்து படாத கிணற்றடியில் வல்லாரை தளிர்த்திருந்தது. போன கிழமை ஒரு கட்டுக் கிள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார். சமைத்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.