எருமை ஊரின் ஜன்னல்கள்

என் மேஜை மேல் கிடந்த சிடியை எடுத்துப் புரட்டிய நண்பர் ஒருவர், 'பஃபலோ ஃபில்ஹார்மானிக்கா? வியன்னா கேள்விப்பட்டிருக்கேன், பெர்லின் கேள்விப்பட்டிருக்கேன். இதென்ன சார், எருமை?' என்றார்.

சிரித்துவிட்டேன். அடுத்து அவர் கேட்டதற்குத்தான் சிரிப்பு வரவில்லை. 'உலகத்துலயே பெஸ்ட் ஆளுங்க வாசிச்சது கிடைக்கும்போது, இதை எதுக்குக் கேக்கணும்?'

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? யோசித்துக்கொண்டிருங்கள். அதற்குள் சிடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஒட்டோரினோ ரெஸ்பிகி 1879-ல் பிறந்த இத்தாலியர். இளம் வயதில் ரஷ்யாவுக்குப் போய், பீட்டர்ஸ்பர்க் அரங்கில் வயோலா வாசித்துக்கொண்டே ரிம்ஸ்கி கோர்சகோவிடம் சில மாதம் பாடம் கேட்டார். எந்த வாத்தியத்தோடு எதைக் கலந்தால் என்ன நிறம் வரும் என்கிற சூட்சுமம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. 1924-ல் எழுதிய 'ரோமின் பைன் மரங்கள்'தான் அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது. அதில் ஒரு நிஜ நைட்டிங்கேல் பறவையின் குரலை கிராமபோன் தட்டில் ஓடவிட்டு ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்த்திருப்பார். (ஆர்க்கெஸ்ட்ரா என்றதும் கல்யாண வீட்டு மேடையை நினைக்காதீர்கள். இது எண்பது தொண்ணூறு பேர் சேர்ந்து வாசிக்கிற சமாசாரம்.)

என்னிடம் இருந்தது அவருடைய 'சர்ச் ஜன்னல்கள்'. நான்கு பகுதி, நான்கு வண்ணக் கண்ணாடிச் சித்திரம். முதலாவதில் பாலைவன இரவில் குழந்தை இயேசுவோடு எகிப்துக்குத் தப்பி ஓடும் குடும்பம். இரண்டாவதில் வாளோடு மிக்கேல் சம்மனசு. மூன்றாவதில் நோயில் கிடக்கும் புனித கிளாராவை தேவதைகள் தூக்கிக்கொண்டு போய் சர்ச்சில் விடுகிறார்கள். நான்காவதில் மகா கிரிகோரி, பின்னால் ஆர்கன் முழங்க.

அந்த ஜன்னல்கள் எந்த ஊர் சர்ச்சில் இருக்கின்றன என்று தேடாதீர்கள். எங்கேயும் இல்லை. பழைய லத்தீன் வழிபாட்டு மெட்டுகளை வைத்து அவர் எழுதிய மூன்று பியானோ துண்டுகளைப் பிற்பாடு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றி, நான்காவதைப் புதிதாகச் சேர்த்தார். அதற்கப்புறம்தான் நண்பர் கிளாடியோ குவாஸ்டாலாவோடு உட்கார்ந்து, 'இதுக்கு என்ன படம் பொருந்தும்?' என்று பெயர் தேடினார். இசை முதலில், ஜன்னல் பிறகு. 1927-ல் பாஸ்டனில் குஸெவிட்ஸ்கி நடத்தி அரங்கேறியபோது கேட்டவர்கள் கண்ணாடியில் வெயில் பட்டதைப் பார்த்திருப்பார்கள், சந்தேகமில்லை. நானே பார்த்தேன்!

இதை வாசித்த ஊர், ஈரி ஏரிக்கரையில், நயாகராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1950-ல் பஃபலோவின் ஜனத்தொகை ஐந்து லட்சத்து எண்பதாயிரம். 2000-ல் மூன்று லட்சத்துக்கும் கீழே. பக்கத்து லாக்கவானாவில் இருந்த பிரம்மாண்டமான பெத்லஹேம் இரும்பாலை 1983-ல் உருக்குத் தயாரிப்பை நிறுத்தியது. பாதி ஊர் காலி. ஆனால் 1935-ல் ஆரம்பித்த ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. துணிக்கடை நடத்திய க்ளைன்ஹன்ஸ் தம்பதி எழுதிவைத்துவிட்டுப் போன சொத்தில் 1940-ல் கட்டிய அரங்கில் இன்றைக்கும் வாசிக்கிறார்கள். 1999-லிருந்து இதன் இசை இயக்குநர் ஜோஆன் ஃபலெட்டா என்கிற பெண்மணி. நாக்ஸாஸ் கம்பெனி, பெரிய பெயர்களின் பின்னால் ஓடாமல், இந்த மாதிரி ஊர்களுக்கு மைக்கைத் தூக்கிக்கொண்டு போனது. 2007-ல் வந்த சிடி இது.

இரண்டாவது பகுதியின் கடைசியைச் சொல்ல வேண்டும். வானத்திலிருந்து சாத்தான் தள்ளப்படுகிறான். மொத்த வாத்தியமும் கொந்தளித்து அடங்க, டாம்-டாம் என்கிற ராட்சத வெண்கலத் தட்டில் ஓங்கி ஓர் அடி. நம் சேகண்டிக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அதிர்வு தேய்ந்து, எப்போது மௌனமாயிற்று என்று தெரியாமலே மௌனமாகிறது. அடித்தவர் யாரோ. ஊர் சுருங்கிப்போன பின்னும் அந்த அடிக்கு ஓர் ஆள் இருந்தார். அந்தக் கணத்தில் பெர்லின் ஞாபகம் எனக்கு வரவேயில்லை.

நண்பர் விடவில்லை. 'அப்ப இதுதான் பெஸ்ட்டா?'

இல்லை. பொய் சொல்ல மாட்டேன். இதே பஃபலோ 2019-ல் 'பைன் மரங்கள்' உள்ளிட்ட ரோம் இசை மூன்றையும் வெளியிட்டது. 1959-ல் ஃப்ரிட்ஸ் ரைனர் சிகாகோவில் பதிவு செய்த 'பைன் மரங்க'ளின் பித்தளை முழக்கம் அதில் இல்லை. இதை ஒளிக்க வேண்டியதில்லை. 'சின்ன ஊருக்கு இது பரவாயில்லையே' என்று மார்க் போடுவதுதான் மோசம். அது பாராட்டு இல்லை, பிச்சை. குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லலாம், அதில் மரியாதை இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் முழுசாகக் கேட்டிருக்க வேண்டும். நண்பர் கேட்கவில்லை. அட்டையைத்தான் படித்தார். 'எது பெஸ்ட்?' என்பது பல சமயம் ரசிகனின் கேள்வியே இல்லை. கேட்காமல் தப்பிப்பதற்கான வழி.

இவ்வளவு சுலபமாக நண்பரைத் திட்டுகிறேனே, நான் யோக்கியனா?

பதினைந்து வயதில், சமையலறையில் பாடிக்கொண்டிருந்த அக்காவிடம், 'ரேடியோல வர்ற மாதிரி இல்லையே' என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னேன். அக்கா கோபிக்கவும் இல்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டு சமையலறையில் பாத்திரச் சத்தம்தான் கேட்டது. அதைக்கூட நான் கவனித்தது பல வருஷம் கழித்து.

போன மாதம் அக்கா வந்திருந்தபோது கிளாரா பகுதியை மட்டும் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

'யாருடா வாசிக்கறது? பெரிய ஆளுங்களா?'

'பஃபலோன்னு ஒரு ஊர்க்காரங்க.'

'எருமையா?' என்று சிரித்தாள். 'இன்னொரு தடவை போடு.'