சுட்டும் விளியும்: ஜெர்மன் மொழியின் வரையறைச் சுட்டு எழுப்பும் அறவினா

முன்னுரை

பேசுவோர், கேட்போர், பேசப்படும் பொருள் என்னும் மூன்றையும் தன்மை, முன்னிலை, படர்க்கை எனப் பகுத்துக் காண்பது இலக்கண மரபு. இப்பகுப்பு மொழியமைப்பைப் பற்றியது என்றே பொதுவாகக் கொள்வோம். ஆயினும், எதிரே நின்று விடை கூறத்தக்க ஒருவரைப் படர்க்கையில் நிறுத்தி, அவரைப் பற்றி மட்டுமே பேசும்போது அவருக்குத் தீங்கு நேர்கிறதா என்னும் வினா இலக்கணத்தோடு முடிவதில்லை. அஃது அறவியலைச் சார்ந்தது. இவ்வினாவை ஆராய ஜெர்மன் மொழி தக்க களமாக அமைகிறது. பெயருக்கு முன்வரும் வரையறைச் சுட்டை மூவிடப்பெயருக்கு முன்னும் வைத்து, 'நான்' என்பதையே ஒரு பொருளின் பெயராக்கும் இயல்பு அம்மொழிக்கு உண்டு. அவ்வியல்பைச் சிந்தனையாளர்கள் பயன்கொண்ட வகையும் அதன் அறவிளைவும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

சுட்டின் இயல்பு

'டெர்', 'டீ', 'டாஸ்' என்னும் மூன்றும் முறையே ஆண்பால், பெண்பால், இரண்டிலும் சேராத நடுப்பால் ஆகியவற்றுக்குரிய ஜெர்மன் வரையறைச் சுட்டுகள். இவை தொடக்கத்தில் 'அந்த' எனப் பொருள்படும் சுட்டுச் சொற்களாக இருந்தவை. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா செய்த விவிலிய மொழிபெயர்ப்பால் நாம் அறியும் காத்திக் மொழியில் இவற்றின் இனச்சொற்கள் சுட்டுப்பொருளிலேயே பெரிதும் வழங்கின. ஆங்கிலத்தின் 'தி', 'தட்' ஆகியனவும் இவ்வேரினவே. சுவீடிய மொழியிலோ வரையறைச் சுட்டு பெயரின் இறுதியில் ஒட்டாக நிற்கும். 'ஹூஸ்' என்பது வீடு, 'ஹூசெட்' என்பது குறித்த அவ்வீடு.

இன்றைய ஜெர்மனிலும் சுட்டின் பழைய இயல்பு மறையவில்லை. 'டெர்' என்பது தனித்து நின்று 'அவன்' எனவும் பொருள்படும். அவையில் உடனிருக்கும் ஒருவரை அவ்வாறு அழுத்திச் சுட்டுவது மதிப்புக் குறைவாகக் கருதப்படுகிறது. விரலால் சுட்டுவதும் சொல்லால் சுட்டுவதும் ஒரே செயலின் இரு வடிவங்கள் என்னும் உணர்வு அங்கே எஞ்சியுள்ளது எனலாம்.

1923இல் தோன்றிய இரு நூல்கள்

1923ஆம் ஆண்டில் இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று சிக்மண்ட் ஃபிராய்டு எழுதிய 'டாஸ் இஷ் உண்ட் டாஸ் எஸ்'. மற்றொன்று மார்ட்டின் பூபர் எழுதிய 'இஷ் உண்ட் டூ'. முன்னதன் தலைப்பில் 'நான்', 'அது' என்னும் இரு மூவிடப்பெயர்களும் நடுப்பால் சுட்டு ஏற்றுப் பொருட்பெயர்களாக நிற்கின்றன. பின்னதன் தலைப்பில் 'நான்', 'நீ' என்பன சுட்டு ஏதுமின்றி நிற்கின்றன. இவ்வேறுபாடு இருவர் நோக்கையும் ஒருங்கே காட்டுவது.

ஃபிராய்டு உளத்தை ஆய்பொருளாகக் கொண்டார். ஆய்பொருள் படர்க்கையில் நின்றாக வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் 'ஈகோ', 'இட்' என்னும் இலத்தீன் சொற்களை ஆண்டபோது, மூலத்தில் எஞ்சியிருந்த 'நான்' என்னும் நாள்வழக்கின் நெருக்கமும் மறைந்தது. ஜெர்மன் வாசகர் தம் வாயால் நாளும் சொல்லும் சொல்லையே சுட்டோடு கண்டார். ஆங்கில வாசகரோ ஒரு கலைச்சொல்லை மட்டும் கண்டார்.

பூபர் மாந்தரின் நிலைப்பாடு இருவகைத்து என்றார்: 'நான்–நீ', 'நான்–அது'. இவ்விரண்டையும் பிரிப்பது எதிரிலுள்ள பொருளின் தன்மை அன்று. ஒரு மரமும் 'நீ' ஆகலாம். ஒரு மனிதரும் 'அது' ஆகலாம். எந்த 'நீ'யும் என்றேனும் 'அது' ஆகியே தீரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்நூலுள் அவரும் 'டாஸ் டூ' என்றே பலவிடத்தும் எழுத நேர்ந்தது. இறைவனைக் குறிக்க அவர் ஆளும் 'என்றுமுள நீ' என்னும் தொடரும் நடுப்பால் சுட்டு ஏற்றே வருகிறது. முன்னிலையைப் பற்றி நூல் எழுதுவோர் அதனைப் படர்க்கையாக்காமல் எழுத இயலாது. ஆகவே சுட்டுதல் குற்றம் எனின் சிந்தித்தலே குற்றமாகும். அம்முடிவு ஏற்கத்தக்கதன்று. எவ்வகைச் சுட்டு தீங்கிழைக்கிறது என்பதே கேட்கத்தக்க வினா.

இலக்கணப் பாலும் மாந்தர் மாண்பும்

சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்னும் சொல் நடுப்பாலினது. டச்சு மொழியின் 'மெய்ஷெ' என்பதும் அத்தகையதே. பெண்மக்களை அம்மொழியினர் அஃறிணையாகக் கருதினர் என இதனைக் கொண்டு முடிவு கட்டுவது பொருந்தாது. சிறுமைப்பொருள் உணர்த்தும் விகுதி ஏற்ற பெயரெல்லாம் நடுப்பால் ஆதல் அம்மொழிகளின் விதி. மேலும், 'மேட்ஷென்' என்னும் பெயரை அடுத்துவரும் இணைப்புச் சுட்டு 'டாஸ்' என்றே அமைய வேண்டும். ஆனால் பெயரிலிருந்து பேச்சு விலகிச் செல்லச் செல்ல, 'எஸ்' என்பதன் இடத்தில் 'அவள்' எனப் பொருள்படும் 'ஸீ' மிகுதியாக இடம்பெறுகிறது. விதி வலியிழக்கும் இடத்தில் பேசுவோர் தம் கண்முன் உள்ளவளைப் பெண்ணாகவே கூறுகின்றனர்.

தமிழ் மரபும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. குழவி, மகவு, அடிமை, அரசு முதலியன உயர்திணைப் பொருளவாயினும் அஃறிணை முடிபு ஏற்கும் எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுக்கிறது. குழந்தையை 'அது' என்பதில் அன்பே புலப்படுகிறது. அடிமையை 'அது' என்பதிலோ ஒரு சமூகத்தின் கொடுமையும் உடன்புலப்படக்கூடும். முடிபு ஒன்று, அறநிலை வேறு.

பொதுமைச் சுட்டு

ஒருமைப் பெயரோடு வரையறைச் சுட்டு சேர்ந்து ஓர் இனம் முழுவதையும் குறிப்பது ஜெர்மனில் பெருவழக்கு. 'டெர் மென்ஷ்' என்பது குறித்த ஒரு மனிதரையன்றி மனிதர் என்னும் இனத்தையும் உணர்த்தும். இவ்வழக்கையே நாத்சிப் பரப்புரை கைக்கொண்டது. 1940இல் வெளிவந்த 'டெர் எவிகெ யூடெ' என்னும் திரைப்படத்தின் தலைப்பு, 'என்றுமுள யூதன்' என ஒருமையில் சுட்டி, எண்ணற்ற யூதர்களை முகமற்ற ஓர் உருவாக்கியது. அச்சுட்டினுள் குழந்தையும் முதியவரும், மருத்துவரும் தையற்காரரும் வேறுபாடின்றி மறைந்தனர். ஃபிராய்டும் பூபரும் அச்சுட்டுக்குள் அடக்கப்பட்டவர்களே. 1938இல் முன்னவர் இலண்டனுக்கும் பின்னவர் எருசலேமுக்கும் புலம்பெயர்ந்தனர்.

அதே ஜெர்மன் மொழியில் 1949இல் இயற்றப்பட்ட அடிப்படைச் சட்டத்தின் முதற்கூறு, மாந்தரின் மாண்பைப் பேசுமிடத்தில் அதே பொதுமைச் சுட்டின் வேற்றுமை வடிவத்தையே ஆள்கிறது. இலக்கணத்தால் இவை ஒன்றே. வேறுபாடு எங்குள்ளது? 'மனிதர்' எனச் சுட்டுவோர் அச்சுட்டினுள் தாமும் அடங்குவர். தாம் கூறுவது தமக்கும் பொருந்தும் என ஏற்பர். 'யூதன்' எனச் சுட்டிய பரப்புரையாளரோ சுட்டுக்குப் புறத்தே நின்றனர். சுட்டப்பட்டோர் மறுமொழி கூறும் வாயிலையும் அடைத்தனர்.

தாமும் உள்ளடங்கும் சுட்டு மட்டும் போதுமா எனின், அதுவும் போதாது. மார்ட்டின் ஹைடெக்கர் 1927இல் வெளியிட்ட நூலில், 'யாரோ ஒருவர்' என்னும் பொருள்தரும் 'மன்' என்பதைச் சுட்டோடு 'டாஸ் மன்' எனப் பெயராக்கினார். எல்லாரும் செய்வதால் நானும் செய்கிறேன் என ஒவ்வொருவரும் பொறுப்பைக் கைகழுவும் நிலையை அச்சொல் நுட்பமாகக் காட்டியது. எனினும் அவரே 1933இல் நாத்சிக் கட்சியில் சேர்ந்தார். ஒரு நிலையைப் பெயரிட்டு அறிதல் அதனினின்று விடுபடுதல் ஆகாது என்பதற்கு இது சான்று.

முன்னிலையின் தகுதி

முன்னிலை எப்போதும் மேலானது என்று கொள்வதும் பிழையாகும். 'டூ' என்னும் விளி இறைவனுக்கும் தாய்க்கும் நண்பருக்கும் உரியது. வதைமுகாம்களில் காவலர் கைதிகளை விளித்ததும் அதே சொல்லால்தான். மறுபுறம், மதிப்புக்குரிய 'ஸீ' என்னும் விளி படர்க்கைப் பன்மையிலிருந்து வந்தது. அதன் தொலைவே மதிப்பாயிற்று. சுவீடியர் முன்பு ஒருவரை நேர்நின்று விளிக்கத் தயங்கி, 'மருத்துவர் காப்பி அருந்துவாரா?' என அவரிடமே சுட்டோடு கூடிய பதவிப்பெயரால் படர்க்கையில் வினவினர். 1967இல் மருத்துவ நிருவாகத் தலைவரான புரூர் ரெக்செட் தம் பணியாளர் அனைவரையும் 'டூ' எனவே விளிக்கப்போவதாக அறிவித்தார். அக்காலத்தில் விரைந்து பரவிய இம்மாற்றம் சமன்மையின் அடையாளமாகக் கருதப்பட்டது. முகாமிலும் சுவீடிய அலுவலகத்திலும் விளி ஒரே வகையினது. ஆனால் அலுவலகத்தில் பணியாளரும் தலைவரைத் திரும்ப 'டூ' எனலாம். முகாமில் கைதிக்கு அவ்வுரிமை இல்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. வரையறைச் சுட்டு அறிவுக்கு இன்றியமையாதது. அதனாலேயே அது தீங்காகிவிடாது. இலக்கணப் பாலோ இடமோ மாந்தரின் மாண்பைத் தாமே கூட்டுவதும் குறைப்பதும் இல்லை. சுட்டுவோர் தாமும் அச்சுட்டினுள் அடங்குகின்றனரா, சுட்டப்பட்டோர் எதிர்மொழி கூற இயலுமா என்னும் இரண்டுமே அறத்தின் அளவுகோல்கள். இவற்றுள்ளும் பின்னதே வலியது. தாம் அடங்குவதாக எண்ணுவோர் தம்மையே ஏமாற்றிக்கொள்ளக்கூடும். எதிர்மொழிக்கு வாயில் திறந்திருப்பின் அவ்வேமாற்றத்தைப் பிறர் திருத்த வழியுண்டு.

தமிழில் வரையறைச் சுட்டு தனிச்சொல்லாக இல்லை. ஆயினும் ஃபிராய்டின் தொடரைத் தமிழாக்கும்போது 'நான் என்பது' என்றே எழுத வேண்டியுள்ளது. 'என்பது' என்னும் அச்சொல்லின் இறுதியில் அஃறிணை விகுதி நிற்கிறது. 'மக்கள் என்போர்', 'பழங்குடி என்பது', 'பெண் என்பவள்' என நம் ஆய்வுரைகளில் நாளும் எழுதுகிறோம். அவ்வாறு எழுதப்படுவோர் நம் கட்டுரையைப் படித்து மறுக்கும் நிலையில் உள்ளனரா என்பது, ஜெர்மன் மொழிக்கு அப்பாலும் ஆய்வாளர் ஒவ்வொருவரும் தமக்குள் எழுப்பிக்கொள்ளத்தக்க வினாவாகும்.