வேலை வாங்குவதும் ஓர் அமானத்

அல்ஹம்துலில்லாஹ். புகழனைத்தும் வல்ல அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! நம்முடைய அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து கண்மாய் நிறைந்தால் விவசாயம். இல்லையென்றால் தறியும் மில்லும் கடையும்தான் கஞ்சி ஊற்ற வேண்டும். ஆகவே இந்த ஸஃப்புகளில் இருப்பவர்களில் பலர் யாரிடமோ வேலை பார்க்கிறோம். சிலர் யாரையோ வேலை வாங்குகிறோம். மேஸ்திரி, சூப்பர்வைசர், கடை மேனேஜர் போன்றவர்கள் இரண்டையும் செய்கிறார்கள். மேலே இருந்து வரும் அழுத்தத்தைக் கீழே இறக்கி வைக்கும் இடத்தில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

“ஹஜ்ரத், கூலியைக் கூட்டிக் கொடுத்தாலும் ஆட்கள் மனசு வைத்து வேலை பார்ப்பதில்லையே, என்ன செய்வது?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாம் கொடுப்பதில் எது அவனுடைய ஹக், எது நம்முடைய அன்பளிப்பு?

அளவையில் மோசடி செய்வோரை அல்லாஹ் கடுமையாக எச்சரிக்கும் முதஃப்பிஃபீன் சூராவை நாம் தராசு பிடிக்கும் வியாபாரிக்கு மட்டும் உரியதாக ஓதிவிட்டுப் போகிறோம். தனக்கு வாங்கும்போது நிறைய அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவனைப் பற்றியல்லவா அங்கே பேசப்படுகிறது! வேலை நேரத்தை நிமிடம் நிமிடமாக அளந்து வாங்கிவிட்டு, சம்பள நாளை மட்டும் “நாளைக்குப் பார்ப்போம்” என்று தள்ளுகிறவன் கையில் இருப்பதும் அதே தராசுதான்.

உழைத்தவனின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காட நிற்பான் என்று புகாரியில் வரும் ஹதீஸ் சொல்கிறது. நம் நாட்டில் 1936-இல் வந்த கூலி வழங்கல் சட்டமும், ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடங்களில் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தரச் சொன்னது. 1965-இன் போனஸ் சட்டம் தன் வரம்புக்குள் வரும் நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்று வைத்தது. அதைக் கொடுக்கும்போது, “என் தயவில் வாங்கிக்கொள்” என்ற முகத்தோடு கொடுத்தால், ஹக்கைக் கொடுத்துவிட்டு மனதை உடைத்தவர்களாகிறோம். உடைந்த மனதிலிருந்து உற்சாகம் எப்படி வரும்?

சகோதரர்களே! மனிதன் கூலிக்கு மட்டும் வேலை பார்ப்பதில்லை, மரியாதைக்கும் பார்க்கிறான். 1918-இல் சென்னை பக்கிங்காம் கர்னாடிக் மில் தொழிலாளர்கள் வாடியா, திரு.வி.க. போன்றவர்களின் துணையோடு சங்கம் கண்டபோது, அவர்களுடைய முக்கியக் குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பதுதான். நூறாண்டு கழித்து 2021-இல், கடைகளில் நாள் முழுவதும் நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று தமிழக சட்டமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு பிள்ளை உட்கார ஸ்டூல் போடுவதற்குச் சட்டம் வரும்வரை காத்திருந்தோம் என்றால், வெட்கப்பட வேண்டியது யார்?

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவனாக வந்து பத்து ஆண்டுகள் நாயகத்திற்குப் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்து ஆண்டில் ஒருமுறைகூட ‘சீ’ என்ற சொல்லைக் கேட்டதில்லை என்று அவர்களே சாட்சி சொல்கிறார்கள். அகழ்ப் போரில் நாயகம் (ஸல்) அவர்கள் கரையில் நின்று ஏவவில்லை. தாங்களும் மண் சுமந்தார்கள். பசி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதனால்தான் அந்தத் தோழர்கள் சோர்ந்து போகவில்லை.

உஹதில் சிலருடைய தவறால் பெரும் இழப்பு நேர்ந்தது. அதன் பிறகு இறங்கிய வசனத்தில், கடுகடுப்பாக இருந்திருந்தால் அவர்கள் உம்மை விட்டு விலகியிருப்பார்கள் என்ற கருத்தைச் சொல்லி, அவர்களை மன்னிக்கவும் அவர்களிடம் ஆலோசனை கேட்கவும் அல்லாஹ் கட்டளையிடுகிறான். கவனியுங்கள்! இது வெற்றி பெற்ற பிறகு வந்த கட்டளை அல்ல. வேலை கெட்டுப்போன நாளில்தான் வேலை வாங்குபவரின் குணம் தெரியும்.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. கனிவாகப் பேசினால் வேலை கூடும் என்று இன்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக் கொடுக்கிறார்கள். உண்மைதான். ஆனால் கூடாவிட்டால்? தறிக்கு எண்ணெய் விடுகிறோம்; தறியின் மேல் உள்ள பாசத்தினாலா விடுகிறோம்? இருபது வருடம் பாவு ஓட்டியவருக்குக் கண் மங்கி, கை தளர்ந்த அன்று நம் கனிவும் நின்றுபோனால், அது அக்லாக் அல்ல, எண்ணெய்தான். அமல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை.

“நூல் விலை ஏறுகிறது, ஆர்டர் இல்லை, நான் எங்கே போவேன்?” என்று முதலாளி கேட்கலாம். லாபம் ஹலால்தான். சக்திக்கு மீறி அல்லாஹ் யாரையும் சுமத்துவதில்லை. கஷ்டம் என்றால் ஆட்களை உட்கார வைத்துக் கணக்கைத் திறந்து சொல்லுங்கள், யோசனை கேளுங்கள். மறைப்பதுதான் சந்தேகத்தை வளர்க்கும். அதேபோல முன்பணம் கொடுப்பது உதவி. “கடன் தீரும்வரை வேறு தறிக்குப் போகக்கூடாது” என்று கட்டிப்போடுவது கொத்தடிமைத்தனம். 1976-லேயே இந்த நாடு அதைச் சட்டத்தால் ஒழித்தது. பயத்தில் நிற்பவனின் கை மட்டும்தான் வேலை செய்யும், மனம் செய்யாது.

வேலை பார்க்கும் சகோதரர்களுக்கும் சொல்கிறேன். மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி அந்தப் பெண் தன் தந்தையிடம் சொன்னபோது, இரண்டு தகுதிகளை எடுத்துச் சொன்னாள்: வலிமை, நம்பகம். இழை அறுந்ததை மறைத்துத் துணியை மடிப்பதும், ஷிப்ட் நேரத்தைச் செல்போனில் கழிப்பதும் அமானத்தில் கை வைப்பதே. முதலாளி கெட்டவர் என்பது அதற்கு ஃபத்வா ஆகாது.

இன்று தொழுதுவிட்டுப் போகும்போது மூன்று காரியங்களை நிய்யத் வைப்போம். நிலுவைக் கூலியைத் தீர்ப்போம். ஏசிய ஒருவரிடம் மன்னிப்புக் கேட்போம். “வேலை எப்படி நடக்கிறது?” என்று கேட்கும் முன், “நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று ஒருமுறை கேட்போம்.

நம் கையின் கீழ் இருப்பவர்களின் ஹக்கை நிறைவேற்றி, நாளை மறுமையில் அவர்கள் வழக்காளிகளாக இல்லாமல் நமக்குச் சாட்சிகளாக நிற்கும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.